ஏட்டுக்குள் ஒரு வாய்: ஓலைச்சுவடியை ரசிப்பது எப்படி?

சனிக்கிழமை காலையில் திருநள்ளாற்றுக்கு வரும் பேருந்துகளை எண்ணி மாளாது. நளதீர்த்தத்தில் முங்கி, எள் தீபம் ஏற்றி, சனீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் காரைக்காலைத் தாண்டிவிடுகிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இது ஓர் ஏட்டின் ஊர் என்று தெரியும்? மதுரையில் நடந்த அனல் வாதத்தில் திருஞானசம்பந்தர் ஏட்டுக்கட்டை அவிழ்த்தபோது கைக்கு வந்தது இந்த ஊரின் பதிகம். தீயில் இட்ட ஓலை கருகாமல் பச்சையாகவே இருந்தது என்கிறது பெரிய புராணம். அதனால்தான் அது பச்சைப் பதிகம். அடுத்து வைகையில் இட்ட இன்னோர் ஏடு நீரை எதிர்த்துப் போய் ஒதுங்கிய இடம் திருவேடகம். ஏட்டை வைத்தே ஊருக்குப் பெயர் வைத்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள் ஓலைச்சுவடி என்றதும் என்ன கேட்கிறார்கள்? "நாடி பார்ப்பாங்களே, அதுவா?"

எனக்கு ஆத்திரம் வருகிறது. வைத்தீஸ்வரன் கோயில் தெருக்களில் கட்டைவிரல் ரேகை கொடுத்துவிட்டு வந்தவர், ஓலையைப் பார்த்தாயிற்று என்று நினைத்துக்கொள்கிறார். வாட்ஸ்அப்பில் 5,000 ஆண்டு பழைய சுவடியின் படத்தைப் பரப்புகிறவருக்கு, நம் ஈரக்காற்றில் ஓர் ஓலை முந்நூறு நானூறு ஆண்டு தாங்கினாலே பெரிய காரியம் என்று தெரியாது. நூல் பழையதாக இருக்கும், ஓலை இளையது. இன்று நூலகங்களில் இருப்பவற்றில் பெரும்பகுதி 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் படியெடுத்தவை. இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. பழமை ஒன்றுதான் ரசனைக்குக் காரணம் என்றால் கடற்கரைக் கல்லை ரசித்துக்கொண்டிருக்கலாம், அது ஓலையைவிடப் பழையது.

அடிப்படைகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். நம் பக்கத்து ஏடுகள் பெரும்பாலும் நாட்டுப் பனையோலை. நறுக்கிப் பதப்படுத்திய ஓலையில் எழுத்தாணியால் கீறுவார்கள். இடது கட்டைவிரல் நகத்தை வளர்த்து, அதில் சிறு வெட்டு வைத்து, எழுத்தாணியை அதில் தாங்கிக்கொள்வது வழக்கம். நகர்வது ஓலை, எழுத்தாணி ஓரிடத்திலேயே ஆடும். கீறல் கண்ணுக்குத் தெரிவதற்காகக் கரியோ இலைச்சாறோ தடவுவது மையாடல். ஏட்டுக்கு வழக்கமாக இரண்டு துளை. ஒன்றில் கயிறு, மற்றதில் நாராசம் என்ற கம்பி அல்லது குச்சி. கயிறு நழுவாமல் அதன் நுனியில் கட்டும் ஓலைத்துண்டுக்குக் கிளிமூக்கு என்று பெயர். மேலும் கீழும் மரச்சட்டம். இடது ஓரத்தில் தமிழ் எண்: ௨௰௧ என்றால் இருபத்தொன்று. எண் ஏட்டுக்கு ஒன்றுதான், பக்கத்துக்கு ஒன்று அல்ல. சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது, பாட்டு உரைநடைபோல ஓடும், மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. கடைசி ஏட்டில் ஆண்டு, மாதம், தேதி, எழுதியவர் பெயர் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஆண்டு அறுபது வருடச் சுழற்சியில் இருக்கும். எந்தச் சுற்று என்று ஊகிக்க நீங்கள் முடியைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? நேர் வெளிச்சத்தில் பார்க்காதீர்கள். மை உதிர்ந்த ஏடு நேர் வெளிச்சத்தில் வெறும் ஓலை. காலை வெயில் பக்கவாட்டில் விழும்படி சாய்த்தால், கீறலின் ஒரு கரை நிழலாகவும் மறுகரை ஒளியாகவும் எழுந்து நிற்கும். ஓலையின் இழையைக் கடக்கும்போது கை எங்கே அழுத்தியது, எங்கே தயங்கியது என்பது தெரியும். கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கைப் போட்டு, மூன்றடி தள்ளி நின்று பார்க்கச் சொல்லும் கண்காட்சிகளில் இது எதுவுமே கிடைக்காது. ஒரு கண்காட்சியில் கயிற்றையும் கிளிமூக்கையும் எடுத்துவிட்டு ரப்பர் வளையம் போட்டிருந்தார்கள். வெப்பத்தில் ரப்பர் உருகி ஓலையோடு ஒட்டியிருந்தது. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஏட்டில் இரண்டு வகைப் பிழை உண்டு. கண் பிழை, காது பிழை. இந்த இரண்டையும் பிரிக்கத் தெரிந்த நாளிலிருந்துதான் நீங்கள் சுவடி ரசிகர்.

கண் பிழை முதலில். ஏடுகளில் ரகரத்துக்கும் காலுக்கும் வடிவ வேறுபாடு இல்லை. எகர ஏகாரத்துக்கு ஒரே கொம்பு; நெடிலுக்கு இரட்டைக் கொம்பு வீரமாமுனிவர் செய்த மாற்றம் என்பார்கள், அதன் பிறகும் ஏடுகள் பழைய வழியில்தான் வெகுகாலம் நடந்தன. புள்ளியும் கிடையாது. இப்போது ஒரு விளையாட்டு. எங்கள் ஊரான காரைக்காலின் மாங்கனித் திருவிழாவை நினைத்துக்கொண்டு மாமரம் என்று ஓலையில் எழுதுங்கள். ம, ஒரு கோடு, ம, ஒரு கோடு, ம. அவ்வளவுதான். முதல் கோடு காலாகவும் அடுத்த கோடு ரகரமாகவும் இருந்தால் மாமரம். மாற்றி வைத்தால் மரமாம். இரண்டும் கால் என்றால் மாமாம். இரண்டும் ரகரம் என்றால் மரமரம். படிப்பவருக்குப் பொருள் தெரிந்தால் மரம் கிடைக்கும். தெரியாவிட்டால் கண் போன போக்கில் எழுதிவைப்பார், அவரைப் பார்த்து எழுதுகிறவர் அதற்கு ஒரு பொருளையும் கற்பித்துக்கொள்வார். இப்படி மூன்று தலைமுறை படியெடுத்தால் ஒரு புதுப் பாடமே பிறந்துவிடும்.

கண் பிழையில் இன்னொன்று, தாவல். மூலத்தில் ஒரே சொல் இரண்டு இடத்தில் வந்தால், எழுதிவிட்டுத் திரும்பும் கண் இரண்டாவது இடத்தில் போய் உட்காரும். நடுவில் உள்ளது போச்சு. தேவாரப் பதிகங்களில் ஒவ்வொரு பாட்டும் ஒரே தொடரில் முடிவது உண்டல்லவா? படியெடுப்பவரின் கண்ணுக்கு அது வாழைப்பழத் தோல். சம்பந்தர் பதிகங்களில் மட்டும் நமக்கு ஒரு காவல் இருக்கிறது. பெரும்பாலும் எட்டாம் பாட்டில் இராவணன் வருவான், ஒன்பதில் திருமாலும் பிரமனும், பத்தில் சமணரும் பௌத்தரும், பதினொன்றில் சம்பந்தரின் பெயர். இராவணனைக் காணோம் என்றால் கண் தாவியதா என்று உடனே சந்தேகப்படலாம். முதன்முறை இப்படி ஒரு தாவலைக் கையும் களவுமாகப் பிடித்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

காது பிழை வேறு ஜாதி. ஒருவர் வாசிக்க இன்னொருவர் எழுதும்போது வருவது. ழகரம் ளகரமாகும், றகரம் ரகரமாகும், ஞாயிறு நாயிறாகும், இலை எலையாகும், உலகம் ஒலகமாகும். இந்தப் பிழைகளுக்கு எழுத்து வடிவத்தோடு சம்பந்தமே இல்லை. ழகரத்தைக் கண்ணால் மட்டும் பார்த்து எழுதும் எவரும் ளகரம் என்று எழுதமாட்டார். இரண்டுக்கும் உருவம் அத்தனை வேறு. ஆகவே அந்த இடத்தில் ஒரு வாய் இருந்தது. வாசித்தவர் வாயோ, எழுதியவர் வாயோ. தனியாக உட்கார்ந்து பார்த்து எழுதுகிறவரும் ஒரு வரியைப் படித்து, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டேதான் எழுதுவார் என்று நீங்கள் மறுக்கலாம். சரியான மறுப்பு. அதனால்தான் ஒற்றைப் பிழையை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது, எண்ண வேண்டும். அச்சு நூலைப் பக்கத்தில் வைத்து, வேறுபடும் ஒவ்வோர் இடத்துக்கும் பென்சிலால் க அல்லது கா என்று போடுங்கள். கண்ணுக்குக் க, காதுக்குக் கா. முப்பது ஏடு முடிந்ததும் கூட்டிப் பாருங்கள். க மிகுந்தால் அது மௌனமாகப் பிறந்த ஏடு. கா மிகுந்தால் அது சத்தத்தில் பிறந்தது. யாரோ ஒருவர் திண்ணையில் சாய்ந்து வாசித்திருக்கிறார், எதிரே ஒருவர் அல்லது பத்துப் பேர் எழுதியிருக்கிறார்கள்.

பதிப்பாசிரியர்கள் இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி "ஏட்டுப் பிழை" என்று அடிக்குறிப்பில் தள்ளுகிறார்கள். அதையும் செய்யாமல் சத்தமின்றித் திருத்திவிடுகிறவர்களும் உண்டு. திருந்திய மூலம் நமக்கு வேண்டும்தான். ஆனால் 200 ஆண்டுகளுக்கு முன் எங்கள் காரைக்கால் பக்கத்து மனிதர் ஒருவர் எப்படிப் பேசினார் என்பதற்கு எந்த இலக்கண நூலும் தராத சாட்சி அந்தக் காது பிழையில் இருக்கிறது. அதைக் கல்லாதவன் கிறுக்கல் என்று ஒதுக்குவது மேலோட்டமான படிப்பு. எவ்வளவு பெரிய பட்டம் பெற்றவர் செய்தாலும் மேலோட்டம்தான்.

இந்த இரண்டு பிழைகளுக்கும் ஒரே நேரத்தில் வேலி போட்டவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். யூதர்களின் தோரா சுருளை எழுதுகிற எழுத்தர் மனப்பாடமாக எழுதக்கூடாது. முன்னால் மூலப்படி இருக்க வேண்டும், ஒவ்வொரு சொல்லையும் எழுதுமுன் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். கண்ணும் காதும் ஒன்றுக்கொன்று காவல். ஓர் எழுத்துத் தவறினாலும் திருத்தும்வரை அந்தச் சுருளைத் தொழுகையில் வாசிக்கக்கூடாது. கொச்சி யூதர்களிடமிருந்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிளாடியஸ் புக்கானன் என்ற பாதிரியார் கொண்டுபோன, சிவப்புச் சாயமிட்ட தோல் சுருள் ஒன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. நம் தேவார ஏடுகளுக்கு அப்படியொரு சட்டம் இருந்ததில்லை. ஓதுவார் தொண்டையில் பண் இருந்தது, ஏடு அதற்குத் துணை. அதனால்தான் நம் ஏட்டில் வாய் இத்தனை தாராளமாக உள்ளே வருகிறது.

அதே கேம்பிரிட்ஜ் நூலகத்தில் இன்னொரு புதையலும் உண்டு, அதுதான் என்னைக் குழந்தைகளின் ஏடுகளிடம் கொண்டுசேர்த்தது. எபிரேய எழுத்துப் பட்ட தாளை எறியாமல் போட்டுவைக்கும் அறைக்குக் கெனிசா என்று பெயர். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் அப்படிச் சேர்ந்திருந்ததை 1896-97-இல் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார், ஏறக்குறைய இரண்டு லட்சம் துண்டுகள். வேதம், சட்டம், கல்யாண ஒப்பந்தம், மலபார்க் கரையோடு வியாபாரம் செய்தவர்களின் கடிதங்கள். அவற்றினூடே குழந்தைகள் எழுத்துப் பழகிய ஏடுகள்! எழுத்தின் வெளிக்கோட்டை வரைந்து உள்ளே வண்ணம் நிரப்பியவை. வேதத்தையும் பிள்ளையின் கிறுக்கலையும் அந்த அறை ஒரே மரியாதையோடு வைத்திருந்தது. நாமோ பழுதான ஏட்டை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டோம். கரிவலம்வந்தநல்லூரில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகுதி செய்துவிட்டார்கள் என்று கேட்டு உ.வே.சாமிநாதையர் துடித்ததைப் படித்திருப்பீர்கள். பெரியவர்கள் ஏட்டுக்கே அந்தக் கதி. பிள்ளைகள் ஏட்டை யார் வைத்திருக்கப்போகிறார்கள்?

ஆனால் ஒன்றை யோசியுங்கள். அரிச்சுவடி என்ற சொல்லிலேயே சுவடி இருக்கிறது. முதல் ஏடு 'ஹரி' வணக்கத்தோடு தொடங்கியதால் அரிச்சுவடி. கணக்குக்கு எண்சுவடி, முகத்தலளவைக்கு நெல்லிலக்கம். முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு, அரைக்காணி 160-இல் ஒன்று, காணி 80-இல் ஒன்று. ஏழெட்டு வயசுப் பிள்ளைகள் இதை ராகம்போட்டுச் சொன்னார்கள். சட்டாம்பிள்ளை ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் சொல்லிக்கொண்டே மணலில் எழுதி, பிறகு ஓலைக்குப் போனார்கள். இந்த முறையைச் சென்னையில் பார்த்துத்தான் ஆண்ட்ரூ பெல் 'மதராஸ் முறை' என்று இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். கூட்டிக் கழித்துப் பாருங்கள். காது பிழையின் விளைநிலம் எது? திண்ணைப் பள்ளிக்கூடம். தமிழின் காதைக் கேட்க வேண்டுமென்றால் மடத்துச் சுவடிக்கு முன்னால் பிள்ளைகளின் சுவடியைத் திறக்க வேண்டும்.

இதைப் புரிந்துகொண்ட ஒருவர் எங்கள் ஊருக்கு வடக்கே, கடலோரமாகவே போனால் வருகிற தரங்கம்பாடியில் இருந்தார். சீகன்பால்கு என்ற பாதிரியார். 1706 ஜூலையில் கப்பலிலிருந்து இறங்கியவர். அப்போது காரைக்காலில் பிரெஞ்சுக்காரர்கள்கூட இல்லை, அவர்கள் வந்தது 1739-இல். திண்ணை வாத்தியாரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, சிறுவர்களோடு சம்மணமிட்டு மணலில் விரல் வைத்து எழுதிப் படித்தார். ஏடு சேர்த்தார். 1708-இல் தாம் படித்த தமிழ் நூல்களுக்கு விளக்கப் பட்டியல் போட்டார். அதே ஆண்டில் கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் நீதிவெண்பாவையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். பிள்ளைகள் படிக்கும் நூல்கள்! மதம் மாற்ற வந்தவர்தான், அதில் எனக்கு மயக்கம் இல்லை. ஆனாலும் ஒரு மொழியின் வாசல் அதன் பிள்ளைகளின் ஏட்டில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஓலையில் வளர்ந்த நமக்கு இன்னும் தெரியவில்லை. தரங்கம்பாடி போகிறவர்கள் கோட்டைச் சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

எங்கே போய்ப் பார்ப்பது என்று கேட்பீர்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், 1955-இல் தொடங்கியது. எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட ஓலைக்கட்டுகள். அங்குள்ள சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறின. ஓர் எச்சரிக்கை: அவற்றில் பெரும்பாலானவை வடமொழி, கிரந்த எழுத்து. தமிழ் படிக்க வந்தவர் முதல் கட்டைப் பார்த்ததும் மிரண்டு ஓடவேண்டாம். தஞ்சை சரசுவதி மகாலும், சென்னையில் 1943-இல் தொடங்கிய உ.வே.சா. நூல் நிலையமும் இருக்கின்றன. வீட்டிலிருந்தே பார்க்கத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போதும். இப்போதைய மோகம் எத்தனை லட்சம் ஏடுகளைப் படம் பிடித்தோம் என்று எண்ணிச் சொல்வது. படம் வேண்டும், மறுக்கவில்லை. அது இல்லையென்றால் காரைக்காலில் இருந்துகொண்டு நான் என்ன செய்திருப்பேன்? ஆனால் எண்ணிக்கையைச் செய்தியாக்குகிறவர்கள் ஒரே ஒரு ஏட்டையாவது வாய்விட்டுப் படித்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

தொடங்குவதற்கு ஆத்திசூடியோ கொன்றைவேந்தனோ எடுங்கள். திருமுறையை எடுக்காதீர்கள், பக்தி கண்ணை மறைக்கும். தெரிந்த நூல் என்பதால் அடுத்த சொல் என்ன என்று உங்களுக்கே தெரியும். புள்ளியும் இரட்டைக் கொம்பும் இல்லாத எழுத்து மூன்றாம் நாளே பழகிவிடும். சத்தமாகப் படியுங்கள். பக்கத்து வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, உங்களிடம் மட்டும். என்னிடம் ஒரு சுவடி இருக்கிறது. தாத்தா வீட்டுப் பரணில் நெல்பானைக்குப் பின்னால் கிடந்தது. எலுமிச்சைப்புல் தைலம் தடவி, ஒவ்வோர் ஏடாகப் பிரிக்க எனக்கு இரண்டு மழைக்காலம் ஆயிற்று. நெல்லிலக்கம். முதல் வரி முதிர்ந்த கை, அளந்து வைத்தது போன்ற எழுத்து; அதன் கீழே எல்லாம் பிள்ளைக் கை, வரி மேலேறி இறங்கும். வாத்தியார் வரியில் உழக்கு. பிள்ளை வரியில் ஒளக்கு. ஒரே சொல்லில் இரண்டு காது பிழை! கண்ணெதிரே மேல் வரியிலேயே சரியான எழுத்து இருந்தும் அந்தப் பிள்ளை தன் வாயைத்தான் நம்பியிருக்கிறது. என் பாட்டி கடைசிவரை ஒளக்கு என்றுதான் சொன்னாள். அதைத் திருத்தி அவளைப் பார்த்துச் சிரித்தவன் நான்.

ஆழாக்கு, ஒளக்கு, உரி, நாளி, குறுணி என்று ஏறி, பதக்கில் நின்றுவிடுகிறது. தூணிக்கும் கலத்துக்கும் வரவில்லை. பிறகு ஓரத்தில் எண் மட்டும் போட்ட நான்கு வெற்று ஏடுகள். காரைக்கால் பக்கம் வந்தால் சொல்லுங்கள், காட்டுகிறேன். காலை எட்டு மணிக்கு முன்னால் வாருங்கள், திண்ணையில் வெயில் சாய்வாக விழும்.